சக்திமானின் கால் கட்டை

மண்டைக்காட்டில் எங்கள் வீட்டு வாசலில் பச்சை நிற ராணுவ லாரி நாலு நாளாக ஏன் நின்றது என்று பலரும் போன் போட்டுக் கேட்டீர்கள். ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

லாரி என் பழைய மாணவன் ஒருவனுடையது. ராணுவம் கழித்து விற்ற சக்திமான் கைமாறிக் கைமாறி அவனிடம் வந்திருக்கிறது. குலசேகரம் பக்கம் மலைத் தோட்டங்களில் இருந்து தடி ஏற்றி இறக்க வாங்கினான். பிரேக் மட்டும் சரியில்லை. கட்டை கல்லு மாதிரி இருக்கும், சவுட்டினால் வண்டி தன் இஷ்டத்துக்குத்தான் நிற்கும். ஒரு ஒர்க்‌ஷாப்பில் லைனிங் மாற்றினார்கள், மாஸ்டர் சிலிண்டருக்குக் கப் மாற்றினார்கள், பணமும் வாங்கிக்கொண்டார்கள். கட்டை அப்படியேதான் இருந்தது. கடைசியில், "காற்று பூஸ்டரைக் கழற்றிப் போட்டுட்டு நேரே குழாய் கொடுத்திரலாம், ஓடும்" என்று சொல்லியிருக்கிறார்கள். அதைக் கேட்ட பிறகுதான் எங்கள் வீட்டுக்காரர் வண்டியை இங்கே கொண்டுவரச் சொன்னார்.

அவர் ராணுவத்தில் வண்டி மெக்கானிக்காக இருந்தவர் என்பது உங்களுக்குத் தெரியும். ஜெர்மனியின் மான் நிறுவனத்து உரிமத்தில் 1959 முதல் ஜபல்பூரில் செய்த வண்டி இது. கிருஷ்ண மேனன் பாதுகாப்பு மந்திரியாக இருந்த காலம். எங்கள் கல்யாணம் முடிந்த முதல் லீவில் மனிதர் என்னிடம் அதிகம் பேசியதே இந்த வண்டியைப் பற்றித்தான். இப்போது அவருக்கு இரண்டு காதும் கேட்பதில்லை. காற்று பிரேக்கில் கோளாறு கண்டுபிடிக்க முதலில் வேண்டியதோ காது. அதனால் அந்த வேலை எனக்கு வந்தது.

எட்டாம் வகுப்பில் என்னிடம் பாஸ்கல் விதி படித்தவர்கள் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள் மக்களே. கால் கட்டையைச் சவுட்டினால் மாஸ்டர் சிலிண்டரில் உள்ள பிரேக் ஆயில் அழுத்தம் பெறும். சின்ன வண்டிக்கு அது போதும். பாரம் ஏற்றிய லாரிக்குப் போதாது. அதனால் எஞ்சின் ஓடும்போது கம்ப்ரஸர் காற்றை அடைத்து ஒரு டாங்கியில் வைக்கிறது. கால் அழுத்தியதும் ஒரு வால்வு திறந்து, அந்தக் காற்று பூஸ்டரில் உள்ள பெரிய பிஸ்டனைத் தள்ளும். அது ஆயிலை இன்னும் பலமாகத் தள்ளும். உதாரணத்துக்கு ஒரு கணக்கு: கால் 40 கிலோ, கட்டையின் நெம்பு 5 மடங்கு என்றால் கிடைப்பது 200 கிலோ. காற்று சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ, பிஸ்டனின் பரப்பு 150 என்றால் 750 கிலோ. காற்றைக் கழற்றிப் போட்டால் எது மிஞ்சும் என்று நீங்களே பாருங்கள். பேச்சிப்பாறை இறக்கத்தில் தடியோடு வரும் வண்டிக்கு அந்த 200 கிலோவை நம்பச் சொல்கிறார்கள்!

சக்கரங்களுக்கு முட்டு வைத்தோம். முதலில் டாங்கியின் அடி வடிகாலைத் திறக்கச் சொன்னார். துருத்தண்ணீர், ஒரு செம்புக்கு மேல் வந்தது. நம் கடலோரக் காற்றில் ஈரம் அதிகம், அடைத்த காற்று குளிர்ந்தால் தண்ணீர் டாங்கியில் தங்கும். தினமும் வடிக்க வேண்டியது, யாரும் வடிக்கவில்லை.

பிறகு எஞ்சினை ஓட்டினோம். காற்று மீட்டர் முள் ஒழுங்காக ஏறியது. அப்படியானால் கம்ப்ரஸர் குற்றவாளி இல்லை. எஞ்சினை நிறுத்திவிட்டுப் பையன் கட்டையை அழுத்தினான். நான் வண்டிக்கு அடியில் தலையை நீட்டிக் கேட்டேன். அழுத்தியதும் ஒரு நொடி "ஸ்ஸ்" என்று உள்ளே போய் நிற்க வேண்டும், காலை எடுத்தால் "புஸ்" என்று வெளியேற வேண்டும். இங்கே கால் எடுக்கும்வரை "ஸ்ஸ்" நிற்கவே இல்லை. முள்ளும் இறங்கிக்கொண்டே வந்தது. அவர் ஆறடி தள்ளி நின்று என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் நீளும்வரை கையை உயர்த்தியே வைத்திருந்தேன். கை கீழே இறங்காததைப் பார்த்தே அவருக்குப் புரிந்துவிட்டது.

"ஆயில் குறையுதா?" என்று பையனிடம் கேட்டார். வாரம் ஒரு தடவை ஊற்றுகிறானாம். சக்கரம் எதிலும் ஈரமில்லை. அப்போ அந்த ஆயில் எங்கே போகிறது? பூஸ்டரின் காற்று வெளிவரும் துளையில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துக் கட்டையைச் சவுட்டச் சொன்னார். தாள் நனைந்து வந்தது. உள்ளே கப் கசிந்து, ஆயில் காற்றுப் பக்கம் போய், வால்வு ரப்பரைக் கெடுத்திருக்கிறது. வால்வு உட்காராததால் காற்று பிஸ்டனைத் தள்ளாமல் வெளியே ஓடுகிறது. அதனால்தான் கட்டை கல்லானது. கப் ஏன் கெட்டது என்பதும் தெரிந்தது. ஆயில் டப்பா கறுப்பாக இருந்தது, யாரோ ஒருவர் பிரேக் ஆயிலுக்குப் பதிலாக எஞ்சின் ஆயிலை ஊற்றியிருக்கிறார். அது பட்டால் இந்த ரப்பர் ஊதிவிடும்.

காற்றை முழுக்க இறக்கிய பிறகே பூஸ்டரைக் கழற்ற விட்டார். ரப்பர் எல்லாமே புதிது, குழாய்கள் கழுவல், சுத்தமான பிரேக் ஆயில். ஆயிலுக்குள் சிக்கிய காற்றை எடுக்க முதலில் பூஸ்டர், பிறகு தூரத்துச் சக்கரம். கட்டை சவுட்டியது நான். "பிடி, விடாதே" என்று அவர் போட்ட சத்தம் கடற்கரைவரை கேட்டிருக்கும். காது கேட்காதவர் அளவு தெரியாமல் பேசுவார், பக்கத்து வீட்டார் சண்டை என்றே நினைத்திருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை காலி வண்டியைத் திங்கள்சந்தைவரை ஓட்டிப் பார்த்தோம். நின்றது. பையன் அன்றைக்கே மலைக்குப் போக நின்றான். அவர் சாவியைக் கொடுக்கவில்லை. "முதல்ல அரைப் பாரம், சமதரை. பத்து நாள் ஆயில் குறையாம இருந்தா மலைக்குப் போ" என்றார். அவன் என் முகத்தைப் பார்த்தான். சார் சொன்னால் டீச்சரும் அதையேதான் சொல்வேன் என்றேன். ஒரு குலை மட்டிப்பழம் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். கூலி வாங்கவில்லை. ஆயில் அளவை மட்டும் தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். இன்றைக்கு மூன்றாவது நாள், படம் வந்துவிட்டது. அளவு இறங்கவில்லை.