உறுமலில் ஒரு உபநிஷதம்



இன்று ஒரு இசைத் தொகுப்பைப் பற்றி எழுதுகிறேன். சினிமாப் பாட்டு அல்ல, 'டெத் மெட்டல்'. கிடாரைக் கரகரவென்று அதிரவிட்டு, இரண்டு காலாலும் டிரம்மை உதைத்து, அடித்தொண்டையில் உறுமிப் பாடுவது.

நம்ம லைட்ஹவுஸ் குப்பத்தில் என்னிடம் படித்த ஒருவர் போன வாரம் வந்தார். "சார், பையன் ராத்திரியெல்லாம் பேய் கத்துற மாதிரி எதையோ கேக்குறான். நீங்க சொன்னா கேப்பான்" என்றார். பையன் பொன்னேரியில் கல்லூரியில் படிக்கிறான். கூப்பிட்டதும் வந்தான். "நீங்களே கேட்டுப் பாருங்க சார்" என்று போனை நீட்டினான்.

அது சிங்கப்பூர் 'ருத்ரா' குழு 2005-இல் வெளியிட்ட 'பிரம்மவித்யா: பிரைமார்டியல் 1'. தென்னிந்தியக் குடும்பங்களில் பிறந்த இளைஞர்கள் 1992-இல் தொடங்கிய குழு. பேஸ் கிடார் வாசித்துக்கொண்டே உறுமுபவர் கதிர். டிரம்ஸ் சிவா. பாட்டுப் பொருள் உபநிஷதம். ஆங்கில வரிகளோடு சமஸ்கிருத மந்திரங்களும் வருகின்றன. ஒரு பாட்டின் தலைப்புக்கு 'மூப்பில்லாத உணர்வே நான்' என்று பொருள். இதன் தொடர்ச்சியாக 2009-இலும் 2011-இலும் இரண்டு தொகுப்புகள் வந்து மூன்றாக முடிந்தது.

அதே 1992-இல்தான் நார்வேயில் ஃபான்டாஃப்ட் என்னும் பழைய மரத் தேவாலயம் எரிக்கப்பட்டது. அங்கே 'பிளாக் மெட்டல்' இசைக் கூட்டத்தில் சிலர் மதத்தை எதிர்ப்பதையே தங்கள் அடையாளமாக வைத்திருந்தார்கள். சிங்கப்பூர்ப் பிள்ளைகளோ அதே மாதிரியான முரட்டு இசையை எடுத்துக்கொண்டு 'நான் யார்' என்று கேட்கப் போனார்கள். இது 'வேதிக் மெட்டல்' என்று பெயர் பெற்றது. இசை ஆய்வாளர் யூஜின் தைரியநாதன், சிங்கப்பூர்த் தென்னிந்தியர்களின் அடையாளத்தோடு சேர்த்து இதை ஆராய்ந்து 2009-இல் கட்டுரையே எழுதினார்.

மந்திரத்துக்கு ஏற்ற இறக்கம் முக்கியம், உறுமினால் அது சிதையாதா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். தமிழ்ப் பிள்ளைகள் தேவாரத்தை விட்டு ஏன் சமஸ்கிருதத்துக்குப் போனார்கள் என்று எனக்கும் ஒரு சின்ன மனத்தாங்கல் உண்டு.

ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். சுத்தமாக ஓதத் தெரிந்தவர் யாரும் நம்ம குப்பத்துக்கு வந்து ஒரு பிள்ளையை உட்காரவைத்து உபநிஷதம் சொல்லித் தந்ததில்லை. அது நமக்கானது இல்லை என்றுதான் தலைமுறை தலைமுறையாக இருந்தோம். அந்தப் பையன் என்னிடம், "சார், அத்வைதம்னா என்ன? கடலும் அலையும்னு சொல்றாங்களே, அதுவா?" என்று கேட்டான். முப்பது வருஷம் பாடம் நடத்தியிருக்கிறேன், இந்தக் கேள்வியை இங்கே ஒரு பிள்ளையும் கேட்டதில்லை. ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

சத்தம் என்று பார்த்தால், அலையை மீறிக் கூப்பிடுகிற தொண்டை நம்முடையது. ருத்ரன் என்ற பெயருக்கே முழங்குகிறவன் என்று ஒரு பொருள் சொல்வார்கள்.

அவன் அப்பாவிடம், "பையன் கெட்டுப்போகல, கேட்கட்டும். விடியக்காலையில கடலுக்குப் போறவன் தூங்கணும், அதனால ஹெட்போன்ல கேட்கச் சொல்லு" என்றேன். சிரித்தார்.

சிங்கப்பூரில் இருக்கும் பிள்ளைகள் யாராவது இந்தக் குழுவின் கச்சேரியை நேரில் பார்த்திருந்தால் கீழே எழுதுங்கள். நானும் படிப்பேன், அவனுக்கும் காட்டுவேன். எல்லோரும் நலமாக இருங்கள்.