தண்ணீரில் போட்ட கோடு

சிக்காகோ நகரத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அந்த ஊர்க்காரர்கள் முதலில் ஆகாயத்தைக் காட்டுகிறார்கள். அதாவது, ஆகாயத்தை மறைத்துக்கொண்டு நிற்கும் கட்டடங்களைக் காட்டுகிறார்கள். நாமும் அண்ணாந்து பார்த்தோம். பிறகு கழுத்தைத் தடவிவிட்டுக் கொண்டோம். ஏறக்குறைய இருபத்தைந்து வருஷ காலம் உலகத்திலேயே உயரமானது என்ற பட்டத்தைத் தாங்கி நின்ற 110 மாடிக் கோபுரம் அங்கேதான் இருக்கிறது. மாடிகளை எண்ண ஆரம்பித்து நாற்பதோடு நிறுத்திக்கொண்டோம். ஆனால் ஊர் திரும்பிய பிறகு நம் மனக்கண் முன் அடிக்கடி வந்து நிற்பது, கட்டடமே இல்லாத அந்த ஏரிக்கரைதான்.

ஏரி என்றதும் மதுராந்தகத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். மிச்சிகன் ஏரி 300 மைலுக்கு மேல் நீளமுள்ளது; அகலமான இடத்தில் அக்கரைக்கு 118 மைல். அலை அடிக்கிறது, மணல் இருக்கிறது, கப்பல் போகிறது. ஒரு கை அள்ளி வாயில் விட்டுக்கொண்டால்தான் சமுத்திரம் அல்ல என்ற நம்பிக்கை பிறக்கிறது. இதன் கரையோடு 18 மைல் தூரத்துக்குச் சைக்கிள் பாதை போட்டிருக்கிறார்கள். மோட்டார் வண்டி அதில் தலைகாட்டக் கூடாது.

நம் நண்பர் ஒருவர் அந்த நகரில் குடும்பத்தோடு வசிக்கிறார். ஜூலை மாதத்தில் ஒரு நாள் அவரும் அவருடைய பத்து வயதுக் குமாரியும் தத்தம் சைக்கிளில் வந்து சேர்ந்தார்கள். நமக்கு நகரத்தின் வாடகைச் சைக்கிள் ஒன்று கிடைத்தது. கனத்தில் அது ஒரு கன்றுக்குட்டிக்குச் சமானம். அன்றைய திட்டத்தை வகுத்தவள் குமாரிதான். முதலில் விவேகானந்தர் பேசிய இடம்; பிறகு சைக்கிள் சவாரி; மத்தியானம் பேஸ்பால் பந்தயம்.

"மூன்றாவதுதான் முக்கியம், மாமா. முதல் இரண்டையும் சீக்கிரமாக முடித்துக்கொள்ளலாம்" என்றாள்.

மிச்சிகன் வீதியில் இரண்டு வெண்கலச் சிங்கங்கள் காவல் காக்கும் ஆர்ட் இன்ஸ்டிடியூட் என்ற சித்திரசாலைதான் அந்த இடம். 1893-ம் வருஷம் செப்டம்பர் 11-ந் தேதி ஸர்வமத மகாசபை கூடியது இங்கே. ஸ்வாமிகள் அன்று பேசிய மண்டபம் அப்போதைக்கென்று அமைத்தது, இப்போது இல்லை. வாசலில் உள்ள வீதிப் பகுதிக்கு அவர் பெயரைச் சூட்டிப் பலகை வைத்திருக்கிறார்கள். 2010-ம் வருஷம் அதே செப்டம்பர் 11-ந் தேதியன்று, ஜிதீஷ் கல்லாட் என்ற நம் தேசத்துச் சித்திரக்காரர் அந்தப் பிரசங்கம் முழுவதையும் உள்ளே உள்ள மாடிப்படிகளில் மின்சார விளக்கு எழுத்துக்களாகப் பொறித்துக் காட்டினார். மத வெறியை ஒழிக்கச் சொன்ன பிரசங்கம் நடந்த அதே தேதியில்தானே, 108 வருஷம் கழித்து, நியூயார்க்கில் அந்தப் பயங்கரம் நிகழ்ந்தது!

ஸ்வாமிகளை அனுப்பி வைத்ததில் சென்னைக்குப் பெரும் பங்கு உண்டு. பச்சையப்பன் பள்ளிக்கூடத்து உபாத்தியாயர் அளசிங்கப் பெருமாளும் அவருடைய சகாக்களும் வீடு வீடாகப் போய்ப் பணம் திரட்டினார்கள். ஆனால் அந்தப் பணத்தோடு இங்கே வந்து இறங்கியவருக்குச் சிக்காகோ உடனே கதவைத் திறந்துவிடவில்லை. சபை கூடும் சமயத்தில் அவர் விலாசத்தைத் தொலைத்துவிட்டு, ரயில்வே சரக்கு வண்டி நிலையத்தில் ஓர் இரவைக் கழித்தார். மறு நாள் வீடு வீடாகச் சென்று உதவி கேட்டார். பல வீடுகளில் கதவைச் சாத்தினார்கள். கடைசியில் ஹேல் என்ற அம்மாள் தம் வீட்டுக்கு எதிரே வீதியோரம் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து உள்ளே அழைத்தாள். அந்த அம்மாள் அன்று ஜன்னலண்டை வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நண்பரைக் கேட்டோம். அவர் பதில் சொல்வதற்குள் குமாரி சைக்கிள் மணியை மூன்று தடவை அடித்துவிட்டாள்.

சித்திரசாலைக்குப் பின்னால் இருப்பது கிராண்ட் பார்க். இதன் பேரில் ஒரு வழக்குக் கதை உண்டு. 1836-ம் வருஷத்துப் படம் ஒன்றில், ஏரியோரத்து நிலம் கட்டடம் எதுவும் எழும்பாமல் பொது நிலமாகவே இருக்க வேண்டும் என்று யாரோ புண்ணியவான்கள் குறித்து வைத்தார்கள். ஊர் பெருத்தது, 1871-ம் வருஷத்துப் பெரும் தீயில் எரிந்தது, எரிந்த ஊரின் இடிபாடுகளையே ஏரியில் கொட்டிக் கரையை அகலப்படுத்தினார்கள். நிலம் அகன்றதும் அதன் மேல் ஆசையும் அகன்றது. நகரசபை முதலானோர் அங்கே கட்டடம் எழுப்பப் பார்த்தார்கள். எதிரே கடை வைத்திருந்த மாண்ட்கோமரி வார்ட் என்ற வியாபாரி 1890-ல் கோர்ட்டுக்குப் போனார். தபால் மூலம் சாமான் விற்றுச் செல்வரானவர் அவர். தம் ஜன்னல் வழியே ஏரி தெரிய வேண்டும் என்ற சுயநலம் என்று சிலர் ஏசினார்கள். ஏசட்டும்! இருபது வருஷம் வழக்காடினார். மாகாணத்துப் பெரிய கோர்ட் வரையில் நான்கு முறை போனார். 1911-ல் முடிவாக ஜயித்தார். அக்கம்பக்கத்து நிலக்காரர்களின் சம்மதத்தின் பேரில் விலக்குப் பெற்றது அந்தச் சித்திரசாலை ஒன்றுதான். ஒரு மனிதருடைய பிடிவாதத்தினால் இன்று பல லட்சம் பேர் ஓசியில் காற்று வாங்குகிறார்கள்.

அந்தக் காற்றை வாங்கிக்கொண்டு தெற்கே மிதித்தோம். வெயில் கடுமைதான், ஆனால் ஏரிப் பக்கத்திலிருந்து ஒரு குளுமை வந்து வந்து முகத்தில் விசிறியது. புல்தரையில் குடும்பம் குடும்பமாக அடுப்பு மூட்டிச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். மெக்ஸிகோக்காரர்கள், சீனர்கள், கறுப்பினத்தார், வெள்ளையர் எல்லோருடைய குழந்தைகளும் ஒரே தண்ணீரில் கும்மாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். வார்ட் துரையின் ஆத்மா திருப்தி அடைந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டே போனோம்.

நாலு மைல் போனதும், 31-ம் வீதிக் கடற்கரைக்குச் சற்று முன்னால், பாதையோரத்துக் கல் ஒன்றில் ஒரு சிறு தகடு பதித்திருந்தது. குமாரி இறங்கி அதை உரக்கப் படித்தாள். பாதியில் குரல் தாழ்ந்தது.

1919-ம் வருஷம் ஜூலை 27-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. நல்ல வெயில். யூஜீன் வில்லியம்ஸ் என்ற 17 வயதுக் கறுப்பினப் பையன் தோழர்களோடு கட்டுமரம் போல் ஒன்றைப் பிடித்துக்கொண்டு இங்கே நீந்திக்கொண்டிருந்தான். வடக்கே கறுப்பர்கள் குளிக்கும் இடம். தெற்கே வெள்ளையர்கள் குளிக்கும் இடம். சட்டம் எதுவும் அப்படிச் சொல்லவில்லை. வழக்கம் சொல்லிற்று. அலை கட்டையைத் தெற்கே தள்ளிக்கொண்டு போயிற்று. கரையிலிருந்து ஒரு வெள்ளையன் கல் எறிந்தான். பையன் முழுகி இறந்தான். எறிந்தவனைக் கைது செய்ய அங்கிருந்த போலீஸ்காரர் மறுத்தார். அதிலிருந்து மூண்ட கலகத்தில் 38 பேர் மாண்டார்கள். அவர்களில் 23 பேர் கறுப்பர்கள், 15 பேர் வெள்ளையர்கள். சுமார் ஆயிரம் கறுப்பினக் குடும்பங்கள் வீடிழந்தன. மாண்ட்கோமரி வார்ட் ஜயித்துச் சுமார் எட்டு வருஷந்தான் ஆகியிருந்தது.

"தண்ணீரில் எப்படி, மாமா, கோடு போட முடியும்?" என்று குழந்தை கேட்டாள்.

நண்பர் நம்மைப் பார்த்தார். நாம் ஏரியைப் பார்த்தோம். அயலார் வீட்டு அழுக்கு என்று ஒதுங்கிவிட நமக்கு மனம் வரவில்லை. மதுரை மீனாக்ஷி அம்மன் சந்நிதியில் ஹரிஜனங்களுக்கென்று இருந்த கோட்டை வைத்தியநாதய்யர் தாண்டுவித்தது 1939-ம் வருஷம் ஜூலை 8-ந் தேதிதான். நம் ஊர்க் குளத்துப் படித்துறைகளில் எத்தனை கோடுகள் இருந்தன, சில ஊர்களில் எத்தனை கோடுகள் இன்னும் இருக்கின்றன என்பதெல்லாம் நேயர்களுக்குத் தெரியாததல்ல. "போட்டவர்கள் கண்ணுக்கு அது தெரியும், அம்மா" என்று மட்டும் சொன்னோம். அவளுக்கு அது போதவில்லை. நமக்கும் போதவில்லை.

பிறகு வடக்கே திரும்பி எட்டு மைல் மிதித்ததைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இரண்டு தடவை ஐஸ்கிரீம் சாப்பிட்டோம். கன்றுக்குட்டி கொஞ்சங்கூட இளைக்கவில்லை.

ரிக்லி மைதானம் 1914-ல் கட்டியது. சுற்றிலும் வீடுகள், வீட்டு மாடிகளில்கூட ஆசனம் போட்டு டிக்கெட்டு விற்கிறார்கள். எல்லைச் சுவரில் 1937-ல் நட்ட கொடி பச்சைப் பசேலென்று படர்ந்திருக்கிறது. கணக்குப் பலகையில் இன்றும் ஆள் உள்ளே இருந்து எண்களைக் கையால் மாற்றுகிறார். மின்சார விளக்கையே 1988 வரையில் இந்த மைதானத்துக்குள் விடவில்லை என்றால், ஊராரின் பிடிவாதத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்! இங்கே ஆடும் கோஷ்டிக்குக் கப்ஸ், அதாவது கரடிக்குட்டிகள், என்று பெயர். 1908-ல் உலகப் பந்தயத்தில் ஜயித்த குட்டிகள் மறுபடி ஜயித்தது 2016-ல். 108 வருஷம்! நடுவில் 1945-ல் ஒரு சாராயக் கடைக்காரர் தம் வெள்ளாட்டுக்கும் டிக்கெட்டு வாங்கிக்கொண்டு வந்தார் என்றும், ஆட்டைத் துரத்தியதால் அவர் சாபமிட்டார் என்றும் கதை. இந்த விஷயத்தில் அமெரிக்கர்கள் நமக்கு இளைத்தவர்கள் அல்ல.

ஆட்டத்தைக் குமாரி நமக்கு விளக்கினாள். ஒரு பக்கத்துக்கு ஒன்பது பேர், ஒன்பது சுற்று. பந்து தரையில் குத்தி எழும்பாது. 60 அடி 6 அங்குலத்திலிருந்து நேராக வந்து விழும். அந்த தூரத்தை நிர்ணயித்தது ஸ்வாமிகள் இங்கே வந்த அதே 1893-ல்! மூன்று தடவை தப்பவிட்டால் அடிப்பவர் வெளியே. அடித்துவிட்டாலோ, மூன்று மூலைகளைத் தொட்டுக்கொண்டு புறப்பட்ட இடத்துக்கே ஓடி வர வேண்டும். அந்த இடத்துக்கு 'வீடு' என்று பெயர். ஓடுகிறவன் வீடு சேர்ந்தால் ஒரு ஓட்டம்.

நம் பக்கத்து ஆசனத்தில் எண்பது பிராயம் கடந்த கறுப்பினப் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். சட்டையில் 14 என்ற எண். அது எர்னி பாங்க்ஸ் அணிந்தது. வெளியே அவருக்குச் சிலை இருக்கிறது. கப்ஸ் கோஷ்டியில் ஆடிய முதல் கறுப்பினத்தார் அவர். சேர்ந்தது 1953 செப்டம்பரில். அதற்கு முன்? ஏரித் தண்ணீரில் இருந்த கோடு இந்தப் புல்தரையிலும் இருந்தது. இன்றைய குட்டிகளின் மூதாதையான சிக்காகோ கோஷ்டிக்கு ஆன்ஸன் என்ற மகா சூரர் தலைவராக இருந்தார். எதிர்க் கோஷ்டியில் கறுப்பர் இருந்தால் ஆடமாட்டேன் என்று 1883-லேயே முரண்டு பிடித்தவர் அவர். பிறகு பெரிய கோஷ்டிகள் எல்லாம் அதையே வழக்கமாக்கிக்கொண்டன. இங்கேயும் சட்டம் இல்லை, வழக்கம்தான். சுமார் அறுபது வருஷம் அது நின்றது. அதைத் தாண்டியவர் புரூக்ளின் கோஷ்டியில் சேர்ந்த ஜாக்கி ராபின்ஸன். நாள் 1947 ஏப்ரல் 15. நம் தேசத்தில் மூவர்ணக் கொடி ஏறுவதற்குச் சரியாக நான்கு மாதம் முன்பு.

அந்த வருஷம் மே 18-ந் தேதி ராபின்ஸன் இதே மைதானத்தில் ஆட வந்தார். 46,572 பேர் டிக்கெட்டு வாங்கினார்கள். அந்தக் கூட்டத்தில் பெரியவரும் இருந்தாராம், ஐந்தாறு வயதுச் சிறுவனாக. தகப்பனார் மாதா கோயிலுக்குப் போடும் கோட்டை இஸ்திரி போட்டு அணிந்துகொண்டு, மகனுக்கும் கழுத்துப் பட்டி கட்டி அழைத்து வந்தார். உள்ளே நுழையுமுன், "இன்றைக்கு நீ சத்தம் போடக் கூடாது. ராபின்ஸன் என்ன செய்தாலும் கூடாது. எல்லோரும் நம்மைத்தான் பார்ப்பார்கள்" என்று சொன்னாராம்.

"சத்தம் போடாமல் எப்படிப் பேஸ்பால் பார்க்கிறது?" என்று குமாரி வியந்தாள்.

"அதற்குத்தான் இப்போது சேர்த்துப் போடுகிறேன்" என்றார் பெரியவர். போட்டும் காட்டினார். நம் காது மறு நாள் வரையில் அடைத்திருந்தது.

ஏழாவது சுற்றில் எல்லோரும் எழுந்து நின்று பாடினார்கள். எட்டாவது சுற்றில் வெளியூர்க்காரர் ஒருவர் அடித்த பந்து ஜனங்களுக்கு நடுவே வந்து விழுந்தது. பிடித்த இளைஞர் அதை மைதானத்துக்குள்ளேயே திருப்பி எறிந்தார். எதிரி அடித்த பந்தை வீட்டுக்குக் கொண்டுபோவது இங்கே கௌரவக் குறைவாம். கரடிக்குட்டிகள் ஓர் ஓட்டத்தில் தோற்றன. கணக்குப் பலகைக்கு மேல் தோல்வியைக் குறிக்கும் நீலக் கொடி ஏறியது.

பெரியவர் குமாரியின் கணக்குக் காகிதத்தை வாங்கிப் பார்த்து, ஆறாவது சுற்றில் விட்டுப்போன ஒரு புள்ளியை வைத்துத் திருப்பிக் கொடுத்தார். அவள் அதை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

"நாளைக்கும் மாட்ச் இருக்கிறது, மாமா" என்றாள்.