மானுக்குத் தெரியாத ஆரஞ்சு

அமெரிக்காவில் மான் வேட்டை சீசன் வந்தால் துணிக்கடைக்காரர்களுக்குத் தீபாவளி மாதிரி. மரப்பட்டை, காய்ந்த இலை, சுள்ளி எல்லாம் அச்சடித்த சட்டை, பேன்ட், தொப்பி, கையுறை... 1980-களில் ட்ரீபார்க், மாஸி ஓக், ரியல்ட்ரீ என்று வரிசையாகக் கிளம்பிய வியாபாரம் இது. அதற்கு முன் கட்டம் போட்ட கம்பளிச் சட்டையில் போனவர்களும் மான் அடித்துக்கொண்டுதான் வந்தார்கள்!

அப்படியானால் இந்த உருமறைப்பு உடை எதற்கு? மானின் கண்ணைத்தான் கேட்க வேண்டும். மனிதருக்கு நிறம் பார்க்க மூன்று வகைக் கூம்பு செல்கள். வெள்ளைவால் மானுக்கு இரண்டே வகை. நீலம் நன்றாகத் தெரியும். ஆரஞ்சும் சிவப்பும் தனித்துத் தெரியாமல் இலைதழையோடு கலந்துவிடும். (புலி ஆரஞ்சாக இருந்துகொண்டே மானை நெருங்குவது இந்த தைரியத்தில்தான்.) அதோடு மானின் கண்ணில் புறஊதா ஒளியைத் தடுக்கும் வடிகட்டியும் பெரிதாகக் கிடையாது. உடையில் ஒரு தோப்பையே அச்சடித்திருந்தாலும், துணியைப் பளிச்சென்று காட்டும் சலவைத்தூளில் துவைத்தால் மானுக்கு அது நீலமாக மின்னும். காசு கொடுத்து வாங்கிய உருமறைப்பு வாஷிங் மெஷினிலேயே போச்சு!

நிறத்தைவிட அசைவுதான் ஆபத்து. மான் ஏறக்குறைய 300 டிகிரி சுற்றிப் பார்க்கும். காற்று மனித வாடையைக் கொண்டுபோனால் எந்த உடையும் உதவாது. 20 கெஜ தூரத்தில் வில்லை இழுப்பவருக்கு உருவத்தை உடைத்துக் காட்டும் திட்டுகள் கொஞ்சம் கைகொடுக்கும். தூரத்திலிருந்து சுடுபவருக்கு அது அலங்காரம்தான்.

ஆனால் மனிதக் கண்ணை இந்த உடை நன்றாகவே ஏமாற்றும். மனிதக் கண் ஏமாறினால் என்ன ஆகும்? 1988 நவம்பரில் மெயின் மாநிலத்தின் ஹெர்மனில், தன் வீட்டுக் கொல்லைப்புறத்தில் நின்ற ஒரு பெண்ணை மான் என்று நினைத்துச் சுட்டுவிட்டார் ஒரு வேட்டைக்காரர். அவர் போட்டிருந்தது வெள்ளைக் கையுறை. மானின் வாலுக்கு அடியிலும் வெள்ளைதான். இரட்டைக் குழந்தைகளின் தாய் அவர். சுட்டவர் வழக்கில் விடுதலையானார். இறந்தவர் ஆரஞ்சு போட்டிருக்க வேண்டாமா என்று கேட்டவர்களும் உண்டு. சொந்தக் கொல்லையில்!

மான் பார்த்துவிடும் என்ற பயத்துக்கு இடமே இல்லாததால்தான் பல மாநிலங்களில் துப்பாக்கி சீசனில் பளீர் ஆரஞ்சு கட்டாயம். கடைக்காரர்கள் விடுவார்களா? ஆரஞ்சிலேயே இலை அச்சடித்தும் விற்கிறார்கள். கொலராடோவில் அது செல்லாது. இடுப்புக்கு மேல் 500 சதுர அங்குலம், திட்டே இல்லாத பளீர் ஆரஞ்சு அல்லது பளீர் பிங்க் வேண்டும். தொப்பியும் அதே நிறத்தில்.