அறுபதுக்கு மேல் வரும் நடுக்கம்

அறுபதைத் தாண்டினால்தான் அது வரும். அறுபத்தைந்தில் காலடித் தகட்டில் மெல்லத் தொடங்கி, எழுபதில் சீட்டுக்கு அடியில் கூடி, எண்பதை நெருங்கும்போது கதவுக் கண்ணாடி வரை ஏறிவிடும். ஐம்பதுக்கு இறங்கினால் ஒன்றுமே இல்லை. பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இந்த நடுக்கம் நன்றாகத் தெரிந்திருக்கும். வண்டி வழியில் நின்று காலை வாராது. ஸ்டார்ட் ஆகும், இழுக்கும், பிரேக் பிடிக்கும். ஆனால் இறங்கிய பிறகும் உடம்பில் அந்த அதிர்வு மிச்சமிருக்கும். பின் சீட்டில் வரும் அம்மா, சேலத்திலிருந்து கரூர் போவதற்குள் உள்ளங்கால் மரத்துப்போகிறது என்பார். முழங்கால் தேய்ந்த அம்மா ஏறி இறங்க வசதியாக இருக்கும் என்றுதான் அந்த அம்பாசடரையே வாங்கினேன். அகலமாகத் திறக்கும் கதவு, நாற்காலி மாதிரி உயரமான சீட்டு, இவை இன்றைய சின்னக் கார்களில் கிடைப்பதில்லை. அதனால் இந்த நடுக்கத்தைச் சகித்துக்கொண்டு ஓட்டுவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

வண்டி 1.8 லிட்டர் இசுஸு எஞ்சின், ஐந்து கியர், பெட்ரோல். உடம்போ 1950களின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வந்தது. 2014இல் தயாரிப்பு நிற்கும்வரை அந்த உருவம் பெரிதாக மாறவில்லை. எஞ்சின் முன்னால், இழுப்பது பின்சக்கரம். நடுவில், நம் காலடிக்குக் கீழே, ஒரு இரும்புக் குழாய் ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. புரொப்பல்லர் ஷாப்ட். முன்சக்கரம் இழுக்கும் கார்களையே ஓட்டிப் பழகியவர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே நினைவுக்கு வராது.

டேஷ்போர்டுப் பெட்டிக்குள் முந்தைய உரிமையாளர் ஒரு பில் கட்டை ரப்பர் பேண்டு போட்டு விட்டுப் போயிருந்தார். அதைப் பிரித்துப் படித்தபோது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. வீல் பேலன்சிங், அலைன்மென்ட். பிறகு புது டயர்கள். அதற்கப்புறம் கிளட்ச் செட். எஞ்சின் மவுண்டிங். கடைசியாக ஷாப்டின் இரண்டு கிராஸ்களும். ஒரு மனிதர் இதே நடுக்கத்தைத் துரத்திக்கொண்டு முன்னிலிருந்து பின்வரை போயிருக்கிறார். ஒவ்வொரு பட்டறையும் அவருக்கு ஏதோ ஒரு பார்ட்ஸை விற்றிருக்கிறது. கடைசியில் அலுத்துப்போய் வண்டியையே விற்றுவிட்டார். கழற்றிப் போட்ட பொருள்களில் எத்தனை இன்னும் ஓடக்கூடியவையாக இருந்தனவோ!

என் கோபம் அந்தப் பட்டறைகளின் கூலி மேல் இல்லை. கேள்வி கேட்காமல் ஸ்பானரை எடுப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நடுக்கம் எப்போது வருகிறது, எதோடு சேர்ந்து வருகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. அதை அறிய எந்தக் கருவியும் வேண்டாம். காலி ரோடும் கவனமும் போதும்.

இதை எனக்குச் செய்து காட்டியவர் சேலம் புறவழிச்சாலைப் பக்கம் தகரக் கொட்டகை போட்டிருக்கும் வயதான மெக்கானிக் ஒருவர். வண்டியைச் சுற்றிக்கூடப் பார்க்கவில்லை. "தம்பி, இப்ப எதையும் கழட்ட வேணாம். ரோட்டுக்குப் போலாம், ஏறுங்க" என்றார். நாமக்கல் ரோட்டில் நேராக, ஆளில்லாமல் கிடந்த ஒரு துண்டில் எழுபதுக்குக் கொண்டுபோகச் சொன்னார். நடுக்கம் வந்தது. அதே எழுபதில் ஐந்தாவதிலிருந்து நாலாவது கியருக்கு மாற்றச் சொன்னார். எஞ்சின் சத்தம் ஏறியது, நடுக்கம் ஏறவில்லை, இறங்கவும் இல்லை. "அப்ப எஞ்சினும் இல்லை, கிளட்சும் இல்லை" என்றார். பின்னால் வண்டி எதுவும் வரவில்லை என்று பார்த்துவிட்டு, கொஞ்ச தூரம் நியூட்ரலில் விடச் சொன்னார். எஞ்சினை மட்டும் அணைக்கவே கூடாது என்று முன்பே எச்சரித்திருந்தார். நடுக்கம் அப்படியே இருந்தது, ஆனால் கொஞ்சம் மென்மையாக. அந்தக் ‘கொஞ்சம்’ அவருக்கு முக்கியமாகப் பட்டது. என்னை இரண்டு தரம் செய்யச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு, உள்ளங்கையைக் கியர் மேட்டின் மேல் வைத்துப் பார்த்தார். பிறகு ஸ்டியரிங்கைத் தொட்டார். அதில் ஆட்டம் இல்லை. சக்கரத்தில் கோளாறு இருந்தால் அது மெதுவான ஆட்டமாக, பெரும்பாலும் ஸ்டியரிங்கில் தெரியும். இது வேகமான, பொடியான அதிர்வு.

பொடியாக இருப்பதற்குக் காரணம் உண்டு. இந்த வண்டியில் சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் ஷாப்ட் நாலு சுற்றுக்கு மேல் சுற்றிவிடும். எழுபது கிலோமீட்டர் வேகத்தில் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 2,500 சுற்று. அந்த வேகத்தில் ஷாப்டின் மேற்பரப்பில் ஒரு பக்கம் வெறும் 30 கிராம் கூடுதலாக ஒட்டியிருந்தால், அது ஏழு கிலோவைத் தொங்கவிட்டதற்குச் சமமான விசையோடு ஷாப்டை வெளியே இழுக்கும், சுற்றுக்குச் சுற்று திசை மாறி மாறி. வேகம் இரண்டு மடங்கானால் அந்த விசை நாலு மடங்காகும். ஐம்பதில் ஒன்றும் தெரியாமல் எழுபதில் முழித்துக்கொள்வது இதனால்தான்.

கொட்டகைக்குத் திரும்பி, வண்டியை ஜாக்கியில் ஏற்றி, அடியில் ஸ்டாண்டு வைத்துவிட்டு, மெக்கானிக் சாக்கை விரித்துப் படுத்தார். நானும் பக்கத்தில் குனிந்தேன். அடிப்பாகம் பளபளவென்று கறுப்பாக இருந்தது. விற்பதற்கு முன் யாரோ துரு தெரியாமல் இருக்க அண்டர் கோட்டிங்கை வாரி அடித்திருக்கிறார்கள். தகட்டுக்கு அடித்தவர்கள் ஷாப்டையும் விடவில்லை. வண்டி நின்ற நிலையில் அடித்தால் துப்பாக்கி பார்த்த பக்கம் மட்டும்தானே பூச்சு ஏறும்? அவர் ஷாப்டைக் கையால் மெல்ல உருட்டினார். ஒரு பக்கம் மெல்லிய படலம், மறுபக்கம் விரல் நகம் புதையும் கனத்தில் தார். அதன் அடியில், தொழிற்சாலையில் வைத்த சின்னச் சதுரத் தகடு ஒன்று மூடிக் கிடந்தது. பேலன்சுக்காக வெல்டு வைத்தது. சில கிராம் கணக்குப் பார்த்து ஒருவர் ஒட்டிய தகட்டின் மேல், கணக்கே இல்லாமல் இன்னொருவர் தார் அடித்திருக்கிறார்.

கெரசினில் நனைத்த துணியும் பட்டி போடும் தகடுமாக உட்கார்ந்து அதைச் சுரண்டினோம். சுரண்டியதையெல்லாம் ஒரு பழைய டப்பா மூடியில் சேர்த்தார். கையில் ஏந்தினால் கனம் தெரிந்தது.

அதோடு தீர்ந்திருந்தால் கதை எளிது. ஓட்டிப் பார்த்ததில் பாதி போயிருந்தது, பாதி இருந்தது. நியூட்ரலில் விட்டபோது நடுக்கம் மென்மையானதே, அந்தச் சின்ன வித்தியாசத்தை அவர் மறக்கவில்லை. பேலன்ஸ் கோளாறு மட்டும் என்றால், எஞ்சின் இழுத்தாலும் இழுக்காவிட்டாலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். இழுக்கும்போது கூடுகிறது என்றால் கோணத்தைப் பார்க்க வேண்டும்.

ஷாப்டின் இரு முனையிலும் உள்ள கிராஸ், பதினாறாம் நூற்றாண்டு இத்தாலியர் ஜெரோலாமோ கார்டானோவின் பெயராலும், அடுத்த நூற்றாண்டு ஆங்கிலேயர் ராபர்ட் ஹூக்கின் பெயராலும் அழைக்கப்படுகிற இணைப்பு. அதற்கு ஒரு குணம். வளைந்த நிலையில் சுற்றும்போது, உள்ளே சீராக வரும் சுழற்சியை அது வெளியே சீராகத் தராது; ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடி, இரண்டு முறை குறையும். வளைவு 3 டிகிரி என்றால் இந்த ஏற்ற இறக்கம் ஆயிரத்தில் ஒன்றரைக்கும் குறைவு. 10 டிகிரியில் நூற்றில் ஒன்றரை ஆகிவிடும். முன் கிராஸ் கெடுப்பதைப் பின் கிராஸ் சரிக்கட்ட வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. அதற்கு இரண்டு பக்கக் கோணமும் சமமாக இருக்க வேண்டும், இரு முனைக் கவைகளும் ஒரே நேரில் இருக்க வேண்டும். ஜீப்பில் ஷாப்ட் இரண்டு துண்டாகக் கழன்று வருவதால் இரண்டிலும் அம்புக்குறி இருக்கும் என்றார் மெக்கானிக். அம்பும் அம்பும் பார்க்காமல் மாட்டிவிட்டு, நடுங்குகிறது என்று கியர் பாக்ஸையே பிரித்தவர்களைப் பார்த்திருக்கிறாராம்.

அவர் கோணம் அளந்த விதத்தை நான் மறக்க மாட்டேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கும் கோணமானி. அதன் நடுத் துளையில் நூல் கட்டி, நுனியில் ஒரு சின்ன நட்டு. அவ்வளவுதான். வண்டியை அதன் எடையிலேயே நிற்கவைத்து, கியர் பாக்ஸ் வாலில், ஷாப்டில், பின்னால் ஆக்ஸில் ஹவுசிங்கின் முகப்பில் என மூன்று இடத்தில் பிடித்து, நூல் ஆட்டம் நிற்கும்வரை மூச்சை அடக்கிக் காத்திருந்து, எண்ணைச் சாக்பீஸால் தரையில் எழுதினார். முன்னும் பின்னும் பொருந்தவில்லை.

காரணத்தை விரலால் தொட்டே காட்டினார். கியர் பாக்ஸின் பின் மவுண்டிங் ரப்பர். வருஷக்கணக்காகச் சொட்டிய எண்ணெயில் ஊறி, அல்வாப் பதத்துக்கு வந்து அமுங்கிக் கிடந்தது. கியர் பாக்ஸின் வால் அந்த அளவுக்குக் கீழே இறங்கிவிட்டது. பின்னாலோ, பாரம் தாங்க யாரோ ஸ்பிரிங் கட்டில் ஒரு பட்டை கூடுதலாகச் சொருகியிருந்தார்கள். ஒரு முனை இறங்க, மறுமுனை ஏற, இரண்டு கோணமும் ஒன்றையொன்று சரிக்கட்டும் நிலையை விட்டு விலகிப்போயிருக்கின்றன. முந்தைய உரிமையாளர் எஞ்சின் மவுண்டிங் மாற்றினார், கிராஸ் மாற்றினார். இரண்டுக்கும் நடுவில் இருந்த இந்தச் சில நூறு ரூபாய் ரப்பரை மட்டும் யாரும் பார்க்கவில்லை.

தேய்ந்த வண்டியில் இதுதான் வழக்கம் என்று நினைக்கிறேன். பெரிய உடைசல் என்று ஒன்று இருக்காது. சின்னச் சின்ன விலகல்கள், தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் குற்றம் சொல்லும்படி இருக்காது, ஒன்றாகச் சேரும்போது நடுக்கமாகிவிடும். அதனால் ஒன்றைச் சரிசெய்து பாதி குறைந்தால் ‘இது இல்லை போலிருக்கிறது’ என்று அடுத்ததற்குத் தாவக் கூடாது. பாதி குறைந்ததே பெரிய செய்தி.

ரப்பர் மாற்றினோம். கூடுதல் பட்டையை உருவினோம். மறுபடி அளந்ததில் கோணங்கள் பொருந்தின. ஷாப்டையும் ஒரு முறை மெஷினில் பார்த்துவிடலாம் என்றார். கழற்றும் முன் பின் தட்டிலும் ஹவுசிங் தட்டிலும் ஒரே நேராகப் பெயின்ட் கோடு போட்டார், அதே துளைக்கு அதே துளை திரும்ப வர வேண்டும் என்பதற்காக. ஷாப்டை உருவியதும் கியர் பாக்ஸ் வாலிலிருந்து எண்ணெய் கொட்டாமல் இருக்க பிளாஸ்டிக் பையை மாட்டி இறுக்கிக் கட்டினார். நாலடிக்கு மேல் நீளமுள்ள ஷாப்டைச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் நாமக்கல் கொண்டுபோனேன். லாரி, டிரெய்லர், டேங்கர் என்று கனரக வண்டிகளால் வாழும் ஊர். ஷாப்ட் பேலன்ஸ் பண்ணுகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். மெஷினில் சுழலவிட்டு, எடை குறைந்த பக்கத்தில் நகக்கண் அளவு தகட்டை வெல்டு வைத்துக் கொடுத்தார்கள். லாரி ஷாப்டுகளுக்கு நடுவில் அது குழந்தைபோலக் கிடந்தது. ஆனாலும் அந்த ஆள் அதை ஏனோதானோ என்று செய்யவில்லை. மறுபடி சுழலவிட்டுப் பார்த்துத்தான் தந்தார்.

இப்போது எழுபத்தைந்து வரை காலடித் தகடு அமைதியாக இருக்கிறது. அம்மா கரூர் வரை செருப்பைக் கழற்றிவிட்டு, காலை நேரே தரையில் வைத்துக்கொண்டு வருகிறார். எண்பத்தைந்துக்குப் பக்கத்தில் இன்னும் ஒரு மெல்லிய முனகல் உண்டு. கியர் பாக்ஸ் வாலுக்குள் இருக்கும் புஷ் கொஞ்சம் தேய்ந்திருக்கலாம் என்கிறார் மெக்கானிக். அதற்கு முழுதாக இறக்கிப் பிரிக்க வேண்டும். "எண்ணெய் சொட்டுதான்னு மட்டும் பாத்துக்கிட்டே வாங்க தம்பி. சொட்டு கூடிச்சுன்னா அப்ப இறக்கலாம். இப்பத் தொறக்க வேணாம்." கிரீஸ் அடிக்கப் போகும்போதெல்லாம் அடியில் குனிந்து கியர் பாக்ஸ் வாலின் ஆயில் சீல் பக்கத்தைத் துணியால் துடைத்து, துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன். இதுவரை கூடவில்லை.