குழந்தையின் முதற் பள்ளி

பிள்ளை கெட்டிக்காரனாவதும் மந்தனாவதும் பிறவிக் குணம் என்ற எண்ணம் நம்மிடையே நெடுங்காலமாக வேரூன்றியுள்ளது. சமுதாய ஏற்றத்தாழ்வின் பழியை இயற்கையின் தலையிற் சுமத்திவிட இவ்வெண்ணம் பெரிதும் உதவுகிறது.

இதனை வன்மையாக மறுத்தவர்களுள் ஒருவர் சோவியத் உளவியலாளர் லெவ் வைகொட்ஸ்கி. 1934ஆம் ஆண்டில், 37ஆவது வயதிற் கயரோகத்துக்கு இரையானவர். மனித மனத்தின் உயர்ந்த ஆற்றல்கள் முதலில் மனிதரிடையே தோன்றிப் பின்னரே குழந்தையின் உள்ளத்துட் குடிபுகுகின்றன என்பது அவர் கண்ட முடிபு. இன்று பிறர் துணையோடு செய்வதைக் குழந்தை நாளை தனியே செய்யும். இத்தகைய அறிஞரின் எழுத்துக்கள் 1936இன் பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவருடைய நாட்டிலேயே ஒதுக்கப்பட்டுக் கிடந்தமையையும் நாம் மறைத்தலாகாது.

2003இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரிலிருந்து ஓர் ஆய்வு வெளிவந்தது. ஆங்கிலம் பேசும் வீடுகளைச் சேர்ந்த ஒன்பது மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழி பேசுவோர் நேரிலிருந்து கதை வாசித்தனர். பொம்மை காட்டி விளையாடினர். 25 நிமிடங்கள் வீதம் 12 அமர்வுகளின் பின், அக்குழந்தைகள் சீன ஒலிகளை வேறுபிரித்து அறிந்தன. அதே பேச்சைத் தொலைக்காட்சியிலும் ஒலிப்பதிவிலும் கேட்ட குழந்தைகளோ அவ்வாற்றலைப் பெறவில்லை.

மலையகத் தோட்டமொன்றின் பிள்ளைமடுவத்தில் நாம் கண்ட காட்சியும் இதற்கு ஒத்ததே. நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி புளியங்கொட்டைகளை எண்ணுகையில் ஐந்திலிருந்து எட்டுக்குத் தாவினாள். ஆயம்மா திருத்தவில்லை; அடுத்த கொட்டையை அவள் உள்ளங்கையில் வைத்து, "அஞ்சுக்குப் பெறகு?" என்று கேட்டுக் காத்திருந்தார். சற்று யோசித்து, "ஆறு" என்றாள் சிறுமி. ஆயினும் இருபதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு அவர் ஒருவரே. அவ்வாறு காத்திருக்க, பிள்ளையொன்றுக்கு எத்தனை நிமிடம் அவருக்குக் கிடைக்கும்?

பிள்ளையோடு பேசுங்கள், கையிற் கைத்தொலைபேசியைக் கொடாதீர்கள் என்று தாய்மாருக்கு உபதேசிப்பது எளிது. கொழுந்தின் நிறைக்கேற்பக் கூலி பெற்று, மாலையில் மலையிறங்கி, அடுப்பு மூட்டும் தாய்க்குப் பேசுதற்கான ஓய்வு எங்கே? ஆகவே ஓய்வுக்கும் கூலிக்குமான போராட்டம் குழந்தையின் கல்விக்கான போராட்டமுமாகும். முன்பள்ளி ஆசிரியைக்கு வாழ்வதற்குப் போதிய வேதனமும், அவர் கவனிக்கத்தக்க அளவான பிள்ளைத் தொகையும் கோருவது ஆசிரியர் சங்கங்களின் கடமை என்போம். முதலாம் வகுப்பு வாயிலில் பிள்ளைகளை வரவேற்கும் ஆசிரிய நண்பர்கள், அதற்கு முந்திய ஐந்தாண்டுகளையும் தம் பொறுப்பாகக் கொள்வார்களாக!