தோளில் இருந்த பள்ளம்

இரண்டு வருஷமா கழுத்து வலின்னு வந்த ஒரு பெண்ணுக்கு வலி மாத்திரைதான் எழுதிக் கொடுத்துட்டு இருந்தேன். ஒருநாள்தான் தோளைப் பார்த்தேன். பிரா பட்டை அழுத்தி ரெண்டு பக்கமும் பள்ளம். மார்புக்குக் கீழே வியர்வைப் புண் வேற இருக்காம். "இதை எப்படி சார் சொல்றது?" என்றார். நான்தான் கேட்டிருக்கணும்.

கனமான மார்பகத்தால் வரும் இந்த வலிக்கு மார்பகக் குறைப்பு அறுவை சிகிச்சை உண்டு. அதிகப்படியான திசுவையும் தோலையும் எடுத்து, காம்பை மேலே நகர்த்தித் தைப்பார்கள். தழும்பு இருக்கும். காம்பில் உணர்ச்சி குறையலாம். தாய்ப்பால் கொடுப்பது சிரமமாகலாம். குழந்தை பெறும் எண்ணம் இருந்தா முன்னாடியே சொல்லிடுங்க.

ஆபரேஷனுக்குப் பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்: "வலி போயிடுச்சு. கண்ணாடியில பார்க்கவும் பிடிச்சிருக்கு. அது தப்பா சார்?"

தப்பே இல்லைங்க. உங்களுக்கும் இப்படி இருந்தா, டாக்டர் கேட்கட்டும்னு காத்திருக்காதீங்க.