கடைசி இருக்கையில் இருப்பவர்



சென்ற வாரம் நம் சபையின் வாலிபர் ஒருவர் ஜெபத்திற்காக என்னிடம் வந்தார். கல்லூரிக் கூடைப்பந்து அணியில் மூன்று ஆண்டுகள் ஆடியவர். இப்போது பள்ளியொன்றில் பயிற்சியாளராகப் பொறுப்பேற்கிறார். “நேற்றுவரை களத்துக்குள் இருந்தேன், ஐயா. இனிமேல் கோட்டுக்கு வெளியேதான் நிற்கவேண்டும்” என்றார். அவர் குரலில் நன்றியும் இருந்தது, வருத்தமும் இருந்தது. அவருக்கு நான் ஜான் உட்டன் என்பவரின் வாழ்க்கையைச் சொன்னேன். சொல்லிக்கொண்டிருந்தபோதே அது என்னையும் நியாயந்தீர்ப்பதை உணர்ந்தேன். ஆகையால் இவ்வாரம் அதை உங்களுக்கும் எழுதுகிறேன்.

உட்டன் 1910ஆம் ஆண்டு அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் பிறந்தவர். விவசாயக் குடும்பத்தில் வளர்ந்தவர். வேதத்தைத் தினமும் வாசித்தவர். பர்டியூ பல்கலைக்கழக அணியில் ஆடியபோது, மூன்று முறை நாட்டின் சிறந்த கல்லூரி வீரர்களுள் ஒருவராகத் தெரிவுசெய்யப்பட்டார். 1932இல் பட்டம் பெற்றதும் கென்டக்கி மாநிலத்தின் டேட்டன் என்னும் சிற்றூரில், உயர்நிலைப் பள்ளி ஆசிரியராகவும் பயிற்சியாளராகவும் பணியில் சேர்ந்தார். புகழ்பெற்ற அந்த வீரரின் அணி முதலாம் ஆண்டில் வென்றதைவிடத் தோற்றதே அதிகம். தான் நன்றாக ஆடுவது வேறு, பிறரை ஆடவைப்பது வேறு என்பதை அவர் அங்கே கற்றுக்கொண்டார். பின்னர் சவுத் பெண்டு நகரில் ஒன்பது ஆண்டுகள் பள்ளிப் பணி. உலகப் போர்க்காலத்தில் கடற்படைச் சேவை. 1946இல் இந்தியானா மாநில ஆசிரியர் கல்லூரியின் பயிற்சியாளர் பொறுப்பு.

1948இல் லாஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். அங்கே முதல் தேசியப் பட்டம் கிடைத்தது 1964இல்தான். அது அவருடைய பதினாறாவது பருவம்! அதன்பின் 1975இல் ஓய்வு பெறுவதற்குள் மொத்தம் பத்துப் பட்டங்கள். உலகம் அந்தப் பத்தையே நினைவில் வைத்திருக்கிறது. நானோ அவர் போக மறுத்த ஒரு போட்டியைப் பற்றியே இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன்.

1947ஆம் ஆண்டு. ஆசிரியர் கல்லூரி அணி தன் பிரிவில் முதலிடம் பெற்றது. கான்சஸ் நகரில் நடக்கும் தேசியப் போட்டிக்கு அழைப்பு வந்தது. கல்லூரிப் பயிற்சியாளராக உட்டனுக்கு அது முதல் பருவம். எப்பேர்ப்பட்ட வாய்ப்பு என்பதை எண்ணிப் பாருங்கள். ஆனால் அப்போட்டியில் கருப்பின வீரர்கள் ஆடக்கூடாது என்று விதி இருந்தது. அவருடைய அணியில் கிளாரன்ஸ் வாக்கர் என்னும் கருப்பின மாணவர் ஒருவர் இருந்தார். அவர் அணியின் நட்சத்திரம் அல்லர். மாற்று வீரராகப் பலகையில் அமர்ந்திருந்தவர். அவர் இல்லாமலேயே அணி ஆடியிருக்கலாம். உட்டனோ அழைப்பையே மறுத்துவிட்டார்.

மறு ஆண்டு அவ்விதி நீக்கப்பட்டது. 1948இல் வாக்கர் அணியோடு சென்று ஆடினார். அத்தேசியப் போட்டியில் ஆடிய முதல் கருப்பின வீரர் என்று வரலாறு அவரைக் குறிக்கிறது. ஆயினும் அணி தங்கிய விடுதியில் அவருக்கு இடமில்லை. இறுதி ஆட்டத்தில் அணி லூயிவில் பல்கலைக்கழகத்திடம் தோற்றது. கோப்பை கிடைக்கவில்லை. ஆனால் ஒரு கதவு திறந்தது.

பிரியமானவர்களே, இதை வாசித்தபோது பெத்லகேமில் ஈசாயின் வீடு என் நினைவுக்கு வந்தது. ஏழு குமாரரும் சாமுவேலின் முன்பாகக் கடந்துபோனார்கள். இளையவன் ஆடுகளோடு இருந்தான். அவனை அழைக்கவேண்டும் என்று அவன் தகப்பனுக்கே தோன்றவில்லை. அவன் வந்து சேரும்வரை பந்தியில் அமரமாட்டேன் என்று தீர்க்கதரிசி நின்றார். விடுபட்ட ஒருவனுக்காக விருந்து முழுவதும் காத்திருந்தது. அப்படிக் காத்திராவிட்டால் இஸ்ரவேலின் ராஜா ஆட்டுமந்தையோடேயே இருந்திருப்பான்.

நான் அப்படி நிற்கவில்லை. என் ஊழியத்தின் தொடக்க நாட்களில், வாலிபர் பாடகர் குழுவை அயலூர்ச் சபையின் அறுப்பின் பண்டிகைக்கு அழைத்துச் செல்ல ஏற்பாடு செய்தேன். மதிய உணவு ஒரு பெரிய குடும்பத்தின் வீட்டில். புறப்படுவதற்கு முந்தின நாள் அங்கிருந்து சொல்லியனுப்பினார்கள்: குழுவில் இன்ன தெருவைச் சேர்ந்த பையன் இருந்தால் வீட்டுக்குள் உணவு பரிமாறுவது சிரமம் என்று. நான் கோபப்பட்டேன், ஆனால் கோபத்தை எனக்குள்ளேயே வைத்துக்கொண்டேன். காலையில் அந்தப் பையனிடம், “வண்டியில் இடம் போதவில்லை தம்பி, அடுத்த முறை போகலாம்” என்றேன். அவன் தலையசைத்தான். என் பையை எடுத்து வண்டியில் வைத்துவிட்டு, நாங்கள் போகும்வரை நின்றிருந்தான்.

நாங்கள் நன்றாகப் பாடினோம் என்று எல்லோரும் மெச்சினார்கள். அவன் அதன்பின் குழுவுக்கு வரவில்லை. உட்டனின் வரலாற்றை வாசித்த இரவில் என்னால் உறங்க முடியவில்லை. மறுநாள் விசாரித்து, அவருடைய எண்ணைப் பெற்று, தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டேன். சற்று நேரம் அமைதி. பின்பு அவர் சொன்னார்: “அன்றைக்கு வண்டியில் இரண்டு இடம் காலியாக இருந்ததை நான் பார்த்தேன், ஐயா.” மன்னித்துவிட்டதாகவும் சொன்னார். அந்த இரண்டு காலி இடங்களும் என் கண்முன் இன்னும் இருக்கின்றன.

அநியாயமான விதியை எழுதியவர்கள் எப்போதும் சிலரே. அதை நடத்திக்கொடுப்பவர்களோ என்னைப்போல் நல்லெண்ணமுள்ள அநேகர். நிகழ்ச்சி கெட்டுவிடக்கூடாது, யார் மனமும் நோகக்கூடாது என்று நாம் சொல்லும்போது, நோகிற ஒரு மனதை மட்டும் கணக்கில் சேர்ப்பதில்லை. சரீரத்தில் பலவீனமாய்த் தோன்றும் அவயவமே மிகவும் அவசியமானது என்று பவுல் கொரிந்து சபைக்குப் போதித்ததை நாம் பிரசங்கிக்கிறோம், பந்தியில் மறந்துவிடுகிறோம்.

இவ்வாரம் உங்கள் வீட்டு விசேஷத்திற்கோ, சபையின் பயணத்திற்கோ பெயர்ப்பட்டியல் எழுதும்போது ஒரு நிமிடம் நில்லுங்கள். யாருடைய பெயர் இல்லை? ஏன் இல்லை? அந்தக் காரணத்தை அவருடைய முகத்தைப் பார்த்து உண்மையாகச் சொல்ல முடியுமா? முடியாது என்றால், அவர் வரும்வரை நாமும் உட்காராதிருப்போம்.

பயிற்சியாளராகப் போகும் அந்தத் தம்பியிடம் நான் கடைசியாகச் சொன்னதும் இதுவே: கோட்டுக்கு வெளியே நிற்பவருக்குத்தான் பலகையின் கடைசியில் இருப்பவன் தெரிவான்.

ஜெபம்: எங்களைத் தேடி வந்த ஆண்டவரே, நாங்கள் விட்டுவிட்டுப் போனவர்களை எங்களுக்குக் காண்பியும். அவர்களிடம் திரும்பிப்போகும் தாழ்மையையும், அவர்களோடு நிற்கும் தைரியத்தையும் தாரும். இயேசுவின் நாமத்தில், ஆமென்.